அத்தை தனியாக நடக்கட்டும்!

போன ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, என் மாமியாரின் முழங்கை நீலமாகக் கன்றிப் போயிருந்ததைப் பார்த்தேன். "என்னங்கத்தை இது?" என்றேன். "ஒண்ணுமில்ல கண்ணு, கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்று மழுப்பினார்கள்.

சாயங்காலம்தான் உண்மை வெளியே வந்தது. ராத்திரி பொடக்காலிக்கு, அதாவது வீட்டின் பின்பக்கம் இருக்கும் கழிவறைக்குப் போகும்போது படியில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா என்னையக் கொண்டுபோயி எங்கியாவது ஹோமுல உட்டுப்போடுவீங்கன்னு பயந்துட்டேன் கண்ணு" என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்போது ஆசாரத்துக்குப் பளபளவென்று டைல்ஸ் போட நானும் வீட்டுக்காரரும் பணம் சேர்த்து வைத்திருந்தோம். கோவையைச் சுற்றி இப்போது முதியோருக்கென்றே குடியிருப்புகள் வந்துவிட்டன. அங்கே கைப்பிடி, வழுக்காத தரை எல்லாம் கட்டும்போதே வைக்கிறார்கள். அதையே நம் வீட்டில் செய்தால் என்ன என்று தோன்றியது. டைல்ஸ் ஆசை அன்றோடு போயிற்று.

கொத்தனாரைக் கூப்பிடும் முன், ராத்திரி பத்து மணிக்கு அத்தையின் பின்னாலேயே நடந்து பார்த்தேன். கட்டிலிலிருந்து எழ எதைப் பிடிக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். அந்தச் சீட்டுதான் எங்கள் பிளான்!

முதலில் காசில்லாத வேலை. வழுக்கும் மிதியடிகளையும், நடைவழியில் கிடந்த ஒயரையும் எடுத்தோம். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் குளியலறைத் தரையைத் தேய்த்துக் கழுவினோம். அத்தை எடுக்கும் பாத்திரங்களை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலான தட்டில் வைத்தோம்.

பிறகு கட்டில் பக்கத்திலேயே ஒரு ஸ்விட்ச், வழியெல்லாம் சின்ன விளக்கு. பின்வாசலில் இருந்த ஆறு அங்குலப் படிக்குப் பதில் சாய்தளம் போட்டோம். ஒரு அங்குல உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். நம் தேசியக் கட்டட விதிகள் (2016) சொல்லும் கணக்கும் இதுதான். ஆகவே ஆறு அடி நீளம் பிடித்தது. மழை படாமல் மேலே தகரக் கூரையும் போட்டோம்.

கழிவறையில் சொரசொரப்பான டைல்ஸ், உட்கார்ந்து எழ வசதியாகப் பதினெட்டு அங்குல உயரத்தில் வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் துருப்பிடிக்காத கைப்பிடிக் கம்பி. கம்பியைப் பூச்சில் அல்ல, செங்கல் வரைக்கும் துளைத்துப் போல்ட் போடச் சொல்லுங்கள். துண்டு போடும் கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே விழுந்துவிட்டால், உள்ளே திறக்கும் கதவை அவர்கள் உடம்பே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

ஒரு தப்பும் செய்தேன். அத்தையைக் கேட்காமல் கம்பியை வலப்பக்கம் வைத்துவிட்டேன். அவர்களுக்கு வலுவுள்ள கை இடது! மறுபடி செவுத்தை உடைக்க வேண்டியதாயிற்று. யார் புழங்கப் போகிறார்களோ அவர்களை முதலில் கேளுங்கள், சகோதரிகளே.

உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்குச் சொன்னது. இவர்களில் 60 வயது தாண்டியவர்களே அதிகம். எங்கள் அத்தைக்கு முழங்கையோடு போனது தெய்வாதீனம். எல்லா வீட்டிலும் அப்படி இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

இப்போது அத்தை ராத்திரியில் யாரையும் எழுப்புவதில்லை. நேற்று அந்தக் கம்பியைத் துடைத்துக்கொண்டே, "உனக்கும் ஒரு நாளைக்கு ஆகும் கண்ணு" என்று சிரித்தார்கள். எனக்கும் இப்போதே முழங்கால் லேசாக வலிக்கத்தான் செய்கிறது!