வேகக் காரும் வேகத்தடையும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், வேகமாகப் போவதைத் தவிர வேறெந்தப் பிரயோஜனமும் இல்லாத சாலை ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, இருங்காட்டுக்கோட்டையில், 1990-ல் திறக்கப்பட்ட அந்தப் பந்தயத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ளது. புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்து சேர்வது. அதற்கு முன்பு, யுத்த காலத்து விமான ஓடுதளமாயிருந்த சோழவரத்தில் நடந்த பந்தயங்களைக் காண ஜனங்கள் திரண்டதும், கோயம்புத்தூர் கரிவரதன் சாமானியர்களின் வாகனமான மாருதி 800-ன் எஞ்சினைக் கொண்டே ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஒற்றை ஆசனப் பந்தயக் காரைச் சிருஷ்டித்ததும், அதே கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனதும், நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதும் ஒரே கதையின் வெவ்வேறு அத்தியாயங்கள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த கிராமத்துச் செல்வர் ஒருவருக்கு, கையில் பணம் சேர்ந்தவுடன், ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தவேண்டும் என்று ஆசை பிறந்தால் அதில் ஆச்சரியமில்லை.

அந்த வீடு உத்திரமேரூர்ப் பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்தயத் தடத்திற்குப் போக அவர் பாலாற்றைத் தாண்டி, வாலாஜாபாத்தும் ஒரகடமும் கடந்து, ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் செல்லவேண்டும். வழியில் கார்களும் டயர்களும் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவற்றை எட்டுவதற்கு முன்னால் ஊருக்கு ஊர், பள்ளிக்கூடத்திற்குப் பள்ளிக்கூடம், கோயிலுக்குக் கோயில் வேகத்தடைகள் நிற்கின்றன. காருடன் வரும் ஆப்ஷன் பட்டியலில் எதை வேண்டும் என்பது, எதை வேண்டாம் என்பது வாங்குகிறவருடைய ரசனையைப் பொறுத்தது என்று விற்பனையாளர் சொல்வார். என் அபிப்பிராயத்தில், இந்தப் பிரதேசத்தில் அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் சாலைக்கே உண்டு.

முதலில், இத்தகைய கார் ஏன் தரையோடு தரையாக இருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். கார் வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரங்களின் மேலிருந்த பாரத்தில் ஒரு பகுதி வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது காரின் புவியீர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்கள் எவ்வளவு அகன்று நிற்கின்றன என்ற இரண்டையும் பொறுத்தது. மையம் 50 செ.மீ. உயரத்திலும் சக்கரங்கள் 1.6 மீட்டர் அகலத்திலும் இருந்தால், புவியீர்ப்பின் 0.8 பங்கு வேகமாற்றத்தோடு திரும்பும்போது மொத்த எடையில் நூற்றுக்கு 25 பங்கு இடம் மாறும். மையம் 75 செ.மீ. உயரத்திலும் அகலம் 1.5 மீட்டரிலும் உள்ள ஜீப் ஜாதி வண்டியில் அதுவே 40 பங்காகிவிடும். ரப்பரின் சுபாவம் என்னவென்றால், பாரம் கூடக் கூட அதன் பிடிமானமும் கூடுமேயன்றி அதே விகிதத்தில் கூடாது. ஆகையால் ஒரு பக்கச் சக்கரம் இழந்ததை மறுபக்கச் சக்கரம் முழுவதும் ஈடு செய்வதில்லை. காரைத் தாழ்த்தி, அகலப்படுத்தி அமைப்பதன் ரகசியம் இதுவே. அழகு அதன் உபரி லாபம்.

இந்தத் தாழ்வுதான் வேகத்தடையில் வந்து மோதுகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்னும் அமைப்பு வகுத்த பிரமாணப்படி வேகத்தடை 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு வில், நீளம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 செ.மீ. போர்ஷே 911 காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.45 மீட்டர், அதன் அடித்தட்டு தரைக்கு 12 செ.மீ. மேலே இருப்பதாகக் கொள்வோம். கார் அந்த மேட்டின் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருப்பதால், மேட்டின் உச்சி சக்கரங்கள் தொடும் மட்டத்திற்கு மேல் 4.4 செ.மீ. மட்டுமே துருத்தி நிற்கும். மீதி 7 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கிறது. கார் சௌகரியமாகக் கடந்துவிடும். ஆக, சட்டப்படி கட்டிய வேகத்தடை ஸ்போர்ட்ஸ் காருக்குச் சத்துரு அல்ல.

சத்துரு வேறொன்று. ஒரு விபத்து நடந்த மறுநாள், ஊரார் கூடி, மீந்த ஜல்லியையும் தாரையும் கொட்டி இரவோடு இரவாக எழுப்பிவிடும் மேடு இருக்கிறதே, அதற்குப் பிரமாணம் ஏது? அகலம் இரண்டடி, உயரம் 15 செ.மீ. என்று அது இருந்தால், முன் சக்கரம் ஏறி இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் வந்திராது, நடுவில் 12 செ.மீ. உயரத்தில் தொங்கும் வயிறு 15 செ.மீ. மேட்டின்மேல் உட்காரும். கிராமத்து டிரைவர்கள் ‘அடி தட்டுது’ என்று சொல்வது இதைத்தான். இதற்கென்று விற்கப்படும் ஆப்ஷன், பொத்தானை அழுத்தினால் முன் அச்சை ஏறக்குறைய 4 செ.மீ. உயர்த்தும் லிஃப்ட். நான் பட்டியலில் முதலில் குறிக்கச் சொல்வதும் அதைத்தான். ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு குறிக்கவேண்டும். முன் அச்சு 4 செ.மீ. எழும்பினால், அதற்கும் முன்னால் நீண்டிருக்கும் மூக்கு 5 செ.மீ.க்கும் மேலே எழும்பி மேட்டைத் தாண்டிவிடும். நடு வயிறோ, பின் அச்சு இருந்த இடத்திலேயே இருப்பதால், 2 செ.மீ. மட்டுமே உயர்ந்து 14 செ.மீ.யில் நிற்கும். மேடு 15. மூக்கு தப்பியது, வயிறு தப்பவில்லை. சாய்வாக ஏற்றுவதும் பெரும்பாலும் மூக்குக்குத்தான் உதவும். புதிய மாடல்களில் மேடு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழிகாட்டியால் நினைவில் வைத்துக்கொண்டு தானே உயரும் வசதியும் உண்டு. நம் ஊரில் மேடுகள் முளைக்கும் வேகத்திற்கு அந்த ஞாபகசக்தி ஈடுகொடுக்குமா என்பது வேறு விஷயம்.

அடுத்தது சக்கரம். பெரிய ரிம் வேண்டும் என்று பணம் கட்டுகிறவர்கள், அந்தப் பணத்திற்கு ரப்பர் குறைகிறது என்பதைக் கவனிப்பதில்லை. டயரின் பக்கத்தில் 245/35 என்று எழுதியிருந்தால், 245 மி.மீ. அகலத்தில் நூற்றுக்கு 35 பங்கு, அதாவது 86 மி.மீ.தான் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே உள்ள மெத்தை. உத்திரமேரூர்ச் சந்தைக்கு மூட்டை ஏற்றிவரும் பொலேரோவின் 215/75 டயரில் அது 161 மி.மீ. மழைக்குப் பின் தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாமல் கிடக்கும் பள்ளத்தில் இரண்டும் விழுந்தால், பொலேரோவின் டயர் அமுங்கி எழும். மற்றதில் ரிம்மே பள்ளத்தின் விளிம்பில் மோதி வளையும். ஆகவே, கிடைப்பதில் சிறிய ரிம்மைத் தேர்ந்தெடுப்பதே விவேகம். இத்தகைய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. காற்றடிக்கும் சிறு கருவியும் பசைக்குப்பியும்தான் கொடுப்பார்கள். பசை ஆணி குத்திய துவாரத்தை அடைக்கும். கிழிந்த பக்கச்சுவரை அடைக்காது.

பிரேக்கைப் பற்றி ஒரு கணக்கு. 1,500 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது, அதன் இயக்க சக்தி சுமார் 5.8 லட்சம் ஜூல் உஷ்ணமாக மாறி பிரேக் டிஸ்க்குகளில் இறங்குகிறது. அடுப்பில் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வேகம் 200 ஆனால் தண்ணீர் எட்டு லிட்டர். இந்த உஷ்ணத்தைச் சுற்றுக்குச் சுற்று தாங்குவதற்காகவே கார்பன் இழையும் சிலிக்கன் கார்பைடும் கலந்த செராமிக் டிஸ்க்கை, ஒரு சிறு காரின் விலைக்கு, ஆப்ஷனாகத் தருகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கடி ஓட்டுகிறவருக்கு அது அர்த்தமுள்ளது. உத்திரமேரூர்ச் சாலையில் ஆட்டு மந்தைக்காக நிற்பதற்கு வார்ப்பிரும்பே தாராளம். பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது கைதவறி விளிம்பு உடைந்தாலும் மனம் உடையாது. தோல் ஆசனத்தின் தையல் நிறம், புகைக்குழாயின் சத்தம், பிரேக் காலிப்பருக்குப் பூசும் மஞ்சள் வர்ணம் முதலியவற்றைப் பற்றி விஞ்ஞானத்திற்கு அபிப்பிராயம் இல்லை.

வாங்கியபின் பராமரிப்பது, ஓடும் காரைவிட நிற்கும் காருக்கே கடினம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுள்ளது. டாட் 4 ரகம் புதிதாக இருக்கையில் 230 டிகிரியிலாவது கொதிக்கவேண்டும், சற்றே நீர் கலந்த நிலையில் 155 டிகிரி வரை இறங்கிவிடலாம் என்பது அதற்குரிய தர எல்லை. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரம் ஏறும் என்பதால், இரண்டு வருஷத்துக்கொருமுறை அதை மாற்றவேண்டும். கிலோமீட்டர் கணக்கு இங்கே செல்லாது. முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே ஏரி வாரியத்தை 360 நாளைக்கென்று குடவோலையில் தேர்ந்தெடுத்து, நாள் கணக்கு வைத்துப் பராமரித்த உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது புதிய சித்தாந்தமாக இராது. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை கலக்கும் எத்தனாலும் நீரை விரும்புவதே. மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்கில் காற்றுக்கு இடம் வைக்காமல் நிரப்பி நிறுத்துவது நல்லது. பூட்டிய காரிலும் கணினிகள் சிறிது மின்சாரம் குடித்துக்கொண்டே இருப்பதால், பேட்டரிக்கு மெல்ல மின்னேற்றும் சார்ஜர் ஒன்றும் வேண்டும்.

இவையெல்லாம் புத்தகத்தில் இருப்பவை. புத்தகத்தில் இல்லாதவை இரண்டு. ஒன்று, எலி: அறுவடை முடிந்து வயலில் தீனி குறைந்தவுடன் கார் கொட்டகைக்கு வரும், அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தே ஆகவேண்டும், ஒயர் வாகாகக் கிடைக்கும். நெல் மூட்டை அடுக்கும் அறையிலேயே காரையும் நிறுத்துவது எலிக்கு விருந்து வைப்பதாகும். மற்றொன்று, உளுந்தையும் எள்ளையும் வண்டிகள் மிதித்து உதிர்க்கட்டும் என்று சாலையில் பரப்பியிருக்கும் காய்ந்த செடி. உயரமான வண்டி அதன்மேல் போய்விடும். தாழ்ந்த காரின் அடியில் அது சிக்கிக்கொண்டு, சில நூறு டிகிரி உஷ்ணத்தில் இருக்கும் புகைக்குழாயைச் சுற்றிக்கொள்ளும். இப்படித் தீப்பிடித்த கார்கள் உண்டு. அத்தகைய சாலையைக் கடந்தால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, குனிந்து அடியில் பார்த்து, சிக்கியதை ஒரு குச்சியால் இழுத்துப்போட்டுவிட்டுப் புறப்படவேண்டும்; பல லட்சம் ரூபாய் ஆப்ஷன் பட்டியலில் இந்தக் குச்சிக்கு மட்டும் விலை போட்டிருக்கமாட்டார்கள்.