குதிரையின் கால் வீக்கமும் டி.எம்.எஸ்.ஓ. பூச்சும்

தசையற்ற கால்

குதிரையின் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே தசை என்பதே இல்லை. எலும்பும், அதன் பின்புறமாகக் குளம்பை நோக்கி இறங்கும் தசைநாண்களும், அவற்றைப் போர்த்த மெல்லிய தோலுமே அங்கு உண்டு. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள சரீரம் நாலுகால் பாய்ச்சலில் ஒரு க்ஷணம் ஒற்றைக் காலின்மேல் நிற்க நேர்கையில், அந்தப் பாரத்தை ஏற்கும் தசைநாண் சிறிது கிழிந்தாலும், அவ்விடம் சூடேறிப் பின்புறம் புடைத்துவிடுகிறது. உடனே லாயத்துக்காரர் தேடுவது டி.எம்.எஸ்.ஓ. என்னும் டைமீத்தைல் சல்பாக்சைடைத்தான்.

கரைப்பான் மருந்தான கதை

1866-இல் ருஷ்ய ரசாயன அறிஞர் அலெக்சாந்தர் சாய்த்செவ் முதன்முதலாக உண்டாக்கியதும், பிற்காலத்தில் மரத்திலிருந்து காகிதக்கூழ் தயாரிக்கையில் உபபொருளாகக் கிடைத்ததுமான இத்திரவம், வெகுகாலம் கரைப்பானாகவே இருந்தது. அது தோலை ஊடுருவிச் சென்று வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் என்பதை, அமெரிக்காவின் ஆரிகன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஸ்டான்லி ஜேக்கப் 1960-களின் தொடக்கத்தில் எடுத்துரைத்தார். சோதனைப் பிராணிகளின் கண்வில்லையில் மாறுதல் தென்பட்டதால் 1965-இல் மனிதர்மீதான பரிசோதனைகள் அங்கே நிறுத்தப்பட்டன. எனினும், அடிபட்டதால் உண்டாகும் புது வீக்கத்துக்குக் குதிரைகளுக்குப் பூசலாம் என்று 1970-இல் அந்நாட்டு அரசு அனுமதித்தது. நாளொன்றுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேற்படாமலும், 30 நாட்களுக்கு மேல் நீடிக்காமலும் பூச வேண்டும் என்பது அதன் விதி.

குணமே அபாயமாகும் இடம்

வெறுங்கையால் இதைப் பூசியவர் சிறிது நேரத்தில் தம் நாவிலேயே பூண்டின் சுவையை உணர்வார். குதிரையின் மூச்சிலும் அதே வாடை வீசும். அத்தனை விரைவாக இரத்தத்தில் கலக்கும் இத்திரவம், தனியே செல்வதில்லை. தோலின்மேல் இருக்கும் ஈக்கொல்லி மருந்தையும், முன்னர் தடவிய தைலத்தையும் உடன் இழுத்துச் செல்லக்கூடியது. ஆதலால் காலைச் சோப்பிட்டுக் கழுவி, சோப்பு அறவே நீங்குமாறு அலசி, நன்றாக உலர்த்திய பின்னரே, ரப்பர் கையுறையுடன் பூசுதல் வேண்டும். ஈரத்தோடு சேர்ந்தால் அது சூட்டை எழுப்பித் தோலைப் புண்ணாக்கும். திறந்த புண்ணில் படலாகாது. பாதரசம் கலந்த பூச்சு தடவிய காலில் இதைப் பூசவே கூடாது. அந்த நஞ்சு நேரே உடலுக்குள் போய்விடும். தொழிற்சாலை உபயோகத்துக்கு விற்கப்படும் மலிவான சரக்கை, அதிலுள்ள அசுத்தங்களும் தோலைக் கடந்து செல்லும் என்பதை எண்ணாமல் வாங்கிப் பூசுவது வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் துரோகமென்றே நான் கருதுகிறேன்.

வீக்கம் வடிந்த பிறகு

காயம்பட்ட முதல் இரண்டு நாட்கள் பனிக்கட்டியோ குளிர்ந்த நீரோ கொண்டு காலைக் குளிர்வித்தலும், முழு ஓய்வும், கால்நடை மருத்துவர் சொல்லும் கட்டுமே பிரதான சிகிச்சை. பூச்சு அதற்குத் துணை மாத்திரமே. அது வீக்கத்தை வடிக்குமேயன்றி, அறுந்த இழைகளைச் சேர்க்காது. காலைத் தடவிப் பார்த்து, சூடும் புடைப்பும் நீங்கியது கண்டு மகிழ்ந்து, வலி மறைந்த குதிரையை மறுவாரமே ஓடவிட்டால், பாதி கிழிந்த தசைநாண் முழுதும் அறுந்துபோகக் கூடும். கடுமையாகக் கிழிந்த தசைநாண் தேற ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை, சில வேளை அதற்கு மேலும், பிடிக்கும். குதிரை வளர்ப்போர், வீக்கம் வடிந்ததையே குணமென்று கொள்ளாமல், அல்ட்ராசவுண்ட் படமெடுத்து மருத்துவர் இசைவு தந்த பின்னரே அதன் முதுகில் சேணம் வைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.