பைத்தான் இயக்குசூழலில் இயங்குதளம் சார்ந்த வழுக்கள்

பைத்தான் இயக்குசூழல் என்பது பைத்தான் மொழியில் எழுதப்பட்ட நிரலைப் படித்து, அதைக் கணினியில் இயங்கச் செய்யும் மென்பொருளாகும். நிரலர்கள் இதைப் பேச்சில் ரன்டைம் என்பர். பைத்தான் மொழியைக் கீடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்டார். அதன் முதன்மைச் செயலாக்கம் சி மொழியில் எழுதப்பட்டிருப்பதால் சிபைத்தான் எனப்படுகிறது. ஒரு கோப்பைத் திறப்பது, சில நொடிகள் காத்திருப்பது, பிணையத்தில் தரவு அனுப்புவது என எதைச் செய்யச் சொன்னாலும், இயக்குசூழல் அதைத் தானே செய்வதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் கேட்டுத்தான் பெறுகிறது. இந்தக் கோரிக்கையே முறைமை அழைப்பு ஆகும்.

விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ், பிரீபிஎஸ்டி ஆகியவற்றில் இந்த அழைப்புகளின் பெயர்கள் மட்டுமல்லாமல் அவற்றின் நடத்தையும் வேறுபடும். பெயர் வேறுபாடு சிக்கலே அல்ல. நிரலைத் தொகுக்கும்போதே அது பிழையாகக் காட்டப்பட்டுவிடும். ஒரே பெயரில், ஒரே வடிவில் இருந்துகொண்டு, அபூர்வமான சூழ்நிலையில் மட்டும் வேறு விதமாக நடந்துகொள்ளும் அழைப்புகளே உண்மையான தொல்லை. பைத்தானின் வரலாற்றில் அத்தகைய வழுக்கள் பல உண்டு. அவற்றுள் சிலவற்றை இங்குக் காணலாம். அவற்றைத் தீர்க்க முன்வைக்கப்பட்ட திட்டங்கள் பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவுகளாக, சுருக்கமாகப் பெப் என்ற பெயரில் எண்ணிட்டுப் பதிவு செய்யப்பட்டுள்ளன.

குறுக்கிடும் சிக்னல்

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு செயல்முறைக்குச் சிக்னல் எனப்படும் அறிவிப்பை அனுப்ப முடியும். பயனர் கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஒரு சிக்னல் வரும். துணைச் செயல்முறை ஒன்று முடிந்தால் இன்னொன்று வரும். நிரல் அந்த நேரத்தில் பிணையத்திலிருந்து தரவு வரும் என்று ஒரு முறைமை அழைப்பில் காத்துக் கிடக்கிறது என்று கொள்வோம். சிக்னல் கையாளி ஓடி முடிந்தபின் அந்த அழைப்பின் கதி என்ன?

யூனிக்சின் பழைய விடை, அழைப்பு தோல்வி அடைந்ததாகச் சொல்லி ஈஐஎன்டிஆர் என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பித் தருவது. 'வேலை கெட்டுப் போகவில்லை, இடையில் ஆள் வந்துவிட்டார், வேண்டுமானால் மறுபடி கேள்' என்பது அதன் பொருள். மறுபடி கேட்கும் பொறுப்பு நிரலருக்கு. எம்ஐடி-யில் உருவான ஐடிஎஸ் இயங்குதளம் இந்தச் சுமையைத் தானே ஏற்றுக்கொண்டது. ரிச்சர்ட் கேபிரியல் என்ற லிஸ்ப் அறிஞர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, எளிய வடிவமைப்புக்கும் சரியான வடிவமைப்புக்கும் உள்ள பூசலை விளக்க இதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. பிற்பாடு பிஎஸ்டி யூனிக்ஸ் தன் 4.2ஆம் பதிப்பில் சில அழைப்புகளைத் தானாகவே மீண்டும் தொடங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. சிஸ்டம் 5 யூனிக்ஸ் பழைய வழியிலேயே நின்றது. இரண்டையும் அரவணைக்க, கையாளியைப் பதிவு செய்யும்போதே எது வேண்டும் என்று சொல்லும் எஸ்ஏ-ரீஸ்டார்ட் என்ற தெரிவு உருவானது.

அப்படியானால் பைத்தான் அந்தத் தெரிவைப் போட்டுவிட்டால் போதாதா? போதாது. பைத்தானில் எழுதிய சிக்னல் கையாளி, சிக்னல் வந்த கணமே ஓடுவதில்லை. சி மொழியில் உள்ள சிறு கையாளி, 'சிக்னல் வந்தது' என்று ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடும். முதன்மை இழை அடுத்த கட்டளைக்குச் செல்லும்போது கொடியைப் பார்த்துப் பைத்தான் கையாளியை ஓட்டும். கெர்னலே அழைப்பை மீண்டும் தொடங்கிவிட்டால் கட்டுப்பாடு பைத்தானுக்குத் திரும்பாது. கொடி ஏற்றியபடியே நிற்கும். பயனர் கன்ட்ரோல்-சி அழுத்திக்கொண்டே இருப்பார், நிரல் நிற்காது. எனவே பைத்தானுக்கு ஈஐஎன்டிஆர் வேண்டியதாக இருந்தது. ஆனால் அதை அப்படியே மேலே அனுப்பியதால் பயனர் நிரல்கள் எதிர்பாராத இடத்தில் பிழையுடன் நின்றன.

இந்த வழு நிரந்தரமாகத் தோன்றும் ஒன்றல்ல. சோதனையில் நூறு முறை ஓடி, வாடிக்கையாளரின் வழங்கியில் நூற்றோராவது முறை விழும். அதைச் சமாளிக்க ஒவ்வொரு நூலகமும் தனக்கென்று ஒரு மறுமுயற்சிச் சுற்றை எழுதிக்கொண்டது. சிலர் எழுத மறந்தனர். சிலர் பத்து இடங்களில் எழுதிப் பதினோராவதை விட்டனர்.

2015 செப்டம்பரில் வெளிவந்த பைத்தான் 3.5இல், பெப் 475 வழியாக இதற்கு ஒரு முடிவு வந்தது. சார்ல்-பிரான்சுவா நட்டாலியும் விக்டர் ஸ்டின்னரும் எழுதிய முன்மொழிவு அது. அழைப்பு ஈஐஎன்டிஆர் தந்தால் இயக்குசூழலே முதலில் பைத்தான் கையாளியை ஓட்டும். கையாளி விதிவிலக்கு எழுப்பினால் அதை மேலே அனுப்பிவிடும். எழுப்பாவிட்டால் அழைப்பை மீண்டும் செய்யும். கன்ட்ரோல்-சியும் வேலை செய்யும், தரவு படிப்பதும் தடைபடாது.

மீண்டும் செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. பத்து நொடி உறங்கச் சொன்ன நிரல் மூன்றாம் நொடியில் குறுக்கிடப்பட்டால், மறுபடி பத்து நொடி உறங்குவது தவறு. ஏழு நொடியே மிச்சம். அந்த மிச்சத்தைச் சாதாரணக் கடிகாரத்தைக் கொண்டு கணக்கிட முடியாது. இடையில் யாரேனும் கணினியின் நேரத்தைத் திருத்திவிட்டால் கணக்கு குலையும். பின்னோக்கிச் செல்லாத கடிகாரம் தேவை. அது பெப் 418 வழியாகப் பைத்தான் 3.3இலேயே வந்திருந்தது. லினக்ஸ், மேக்ஓஎஸ், விண்டோஸ் ஒவ்வொன்றிலும் அதற்கு வெவ்வேறு அழைப்பு பயன்பட்டது. அந்த அடித்தளம் இல்லாமல் 475ஐச் செய்திருக்க முடியாது.

மீண்டும் முயலக் கூடாத அழைப்புகள்

எல்லா அழைப்புக்கும் ஒரே மருந்து பொருந்தவில்லை. கோப்பை மூடும் குளோஸ் அழைப்பு ஈஐஎன்டிஆர் தந்தால், கோப்பு மூடப்பட்டதா இல்லையா? போசிக்ஸ் தரநிலை இதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டிருந்தது. லினக்சில் அந்தக் கோப்பு எண் அதற்குள் விடுவிக்கப்பட்டிருக்கும். எச்பி-யூஎக்ஸ் இயங்குதளத்திலோ கோப்பு இன்னும் திறந்தே இருக்கும்.

லினக்சில் அழைப்பை மீண்டும் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 'அப்படி ஒரு கோப்பு எண் இல்லை' என்ற பிழை வரும். ஆனால் பல இழைகள் ஓடும் நிரலில், அந்தக் கண நேரத்தில் இன்னோர் இழை புதிய கோப்பு ஒன்றைத் திறந்திருக்கலாம். கெர்னல் அதற்குக் காலியான மிகச் சிறிய எண்ணைத் தரும். அது சற்றுமுன் விடுவிக்கப்பட்ட அதே எண்ணாக இருக்கக்கூடும். இரண்டாம் குளோஸ் அந்த அப்பாவிக் கோப்பை மூடிவிடும். தரவுத்தளக் கோப்பாக இருந்தால் விளைவு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பைத்தான் குளோஸ் அழைப்பில் ஈஐஎன்டிஆரைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்கிறது. எப்போதாவது ஒரு கோப்பு மூடாமல் தங்குவது, பிறருடைய கோப்பை மூடுவதைவிட மேல்.

பிணைய இணைப்பை ஏற்படுத்தும் கனெக்ட் அழைப்பும் அப்படியே. குறுக்கீடு வந்தாலும் கெர்னல் இணைப்பு முயற்சியைப் பின்னணியில் தொடர்கிறது. எனவே மறுபடி கனெக்ட் செய்யாமல், இணைப்பு தயாராகும்வரை காத்திருந்து, முடிவு வெற்றியா தோல்வியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

விண்டோசில் யூனிக்ஸ் பொருளிலான சிக்னலே கிடையாது. கன்ட்ரோல்-சி அழுத்தினால் கையாளி தனி இழையில் ஓடுகிறது. உறங்கும் முதன்மை இழையை எழுப்ப, பைத்தான் அங்கு ஒரு நிகழ்வுப் பொருளை வைத்து, நேரம் முடிவது அல்லது அந்த நிகழ்வு இரண்டில் எது முதலில் வந்தாலும் விழிக்குமாறு செய்துள்ளது.

தற்போக்கு எண்ணுக்காகக் காத்த கணினி

பைத்தானின் இயங்குதள வழுக்களில் மிகுந்த விவாதத்தைக் கிளப்பியது 2016இல் வந்தது. யாராலும் ஊகிக்க முடியாத எண்கள், அதாவது தற்போக்கு எண்கள், கடவுச்சாவிகளுக்கும் மறையாக்கத்துக்கும் தேவை. லினக்ஸ் கெர்னல் சாதனங்களின் குறுக்கீடுகள் வரும் நேரங்களில் உள்ள ஒழுங்கின்மையைச் சேகரித்து இவற்றை உருவாக்குகிறது. டெவ்-யூரேண்டம் என்ற சிறப்புக் கோப்பைப் படித்தால் அவை கிடைக்கும். அது எப்போதும் உடனே விடை தரும். கணினி இப்போதுதான் எழுந்திருக்கிறது, போதிய ஒழுங்கின்மை இன்னும் சேரவில்லை என்ற நிலையிலும் தரும். அந்த நிலையில் தரும் எண்கள் ஊகிக்கத்தக்கவையாக இருக்கலாம் என்பதே ஆபத்து. முதல் முறை இயங்கும்போதே சாவிகளை உருவாக்கிக்கொண்ட ஏராளமான பிணையக் கருவிகளின் சாவிகள் பலவீனமாக இருந்ததை 2012இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருந்தது.

2014இல் லினக்ஸ் 3.17இல் கெட்ரேண்டம் என்ற புதிய அழைப்பு வந்தது. போதிய ஒழுங்கின்மை சேரும்வரை அது காத்திருக்கும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் அதன்பின் காத்திருக்காது. கோப்பு எதையும் திறக்கவும் தேவையில்லை. எந்த வகையில் பார்த்தாலும் மேம்பாடுதான். பைத்தான் 3.5 தன் ஓஎஸ்-யூரேண்டம் செயற்கூறை அதற்கு மாற்றிக்கொண்டது.

மறந்துபோனது ஒன்று: பைத்தான் தொடங்குவதற்கே தற்போக்கு எண் தேவை. அகராதி எனப்படும் தரவு அமைப்பு, சரங்களை ஆஷ் மதிப்பாக மாற்றிச் சேமிக்கிறது. மாற்றும் முறை முன்கூட்டியே தெரிந்தால், ஒரே மதிப்புத் தரும் ஆயிரக்கணக்கான சரங்களை இணையப் படிவம் ஒன்றில் அனுப்பி வழங்கியைத் திணறடிக்கலாம். 2011 இறுதியில் இந்தத் தாக்குதல் பல மொழிகளுக்கும் பொதுவானது என்று வெளிப்படுத்தப்பட்டது. அதைத் தடுக்க, பைத்தான் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஓர் இரகசிய எண்ணைக் கலந்துகொள்கிறது. 3.3 முதல் இது இயல்பு நிலை. ஆகவே ஒரே வரி அச்சிடும் நிரல்கூடத் தொடங்கும்போது தற்போக்கு எண் கேட்கிறது.

கணினி தொடங்கும் மிக ஆரம்பக் கட்டத்தில் ஓடும் ஒரு சிறு பைத்தான் நிரல் சிஸ்டம்டி-கிரான் என்ற மென்பொருளில் இருந்தது. தொடக்க முறைமை அந்நிரல் முடிவதற்காகக் காத்தது. நிரல் கெர்னலுக்காகக் காத்தது. கெர்னல் ஒழுங்கின்மைக்காகக் காத்தது. கணினியில் வேலை நடந்தால்தான் ஒழுங்கின்மை சேரும், வேலையோ நின்றுபோயிருந்தது. விசைப்பலகையும் சுட்டியும் இல்லாத மெய்நிகர் கணினிகளில் இந்த முட்டுச்சந்து எளிதில் நேர்ந்தது. அந்த நிரல் செய்த வேலையோ எம்டி5 மதிப்பு ஒன்றைக் கணக்கிடுவது. அதற்கு இரகசியம் எதுவும் தேவையில்லை.

இரு தரப்பு உருவானது. ஓஎஸ்-யூரேண்டம் என்பது டெவ்-யூரேண்டத்தின் மெல்லிய உறை, அது என்றுமே காத்திருந்ததில்லை, திருத்த வெளியீட்டில் அதன் குணத்தை மாற்றலாகாது என்றது ஒரு தரப்பு. மக்கள் சாவி உருவாக்கவே அதை அழைக்கிறார்கள், கணினி நின்றால் கண்ணுக்குத் தெரியும், பலவீனமான சாவி ஆண்டுக்கணக்கில் தெரியாது என்றது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் இருந்ததால்தான் விவாதம் நீண்டது. 3.5 வெளியீட்டு மேலாளர் லாரி ஹேஸ்டிங்ஸ் முதல் தரப்பின்படி முடிவெடுத்தார். 2016 ஜூனில் வந்த 3.5.2இல் அது மீண்டும் காத்திராத செயற்கூறானது.

3.6க்கு இரண்டு முன்மொழிவுகள் போட்டியிட்டன. ஒழுங்கின்மை சேராவிட்டால் விதிவிலக்கு எழுப்பலாம் என்றது பெப் 522. காத்திருக்கலாம் என்றது விக்டர் ஸ்டின்னரின் பெப் 524. பின்னது ஏற்கப்பட்டது. அதன் மதிநுட்பம், ஒரே வாயில் வழியாகச் சென்ற இரு தேவைகளைப் பிரித்ததில் உள்ளது. அகராதிக்கான இரகசிய எண்ணும், ரேண்டம் கூறின் தொடக்க விதையும் காத்திராமல் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். பயனர் ஓஎஸ்-யூரேண்டத்தை நேரடியாக அழைத்தால் லினக்சில் அது காத்திருக்கும். காத்திருக்க விரும்பாதவருக்கு ஓஎஸ்-கெட்ரேண்டம் தனியே தரப்பட்டது.

ஓபன்பிஎஸ்டியில் தொடக்க ஏற்றியே முந்தைய அமர்வில் சேமித்த விதையைக் கெர்னலிடம் கொடுத்துவிடுவதால் இந்தச் சிக்கல் எழவில்லை. லினக்சில் சிக்கல் பைத்தானோடு முடியவில்லை. 2019இல் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் செய்த ஒரு மேம்பாடு, தொடக்கத்தின்போது நிகழும் வட்டுப் படிப்புகளைக் குறைத்தது. படிப்பு குறைய ஒழுங்கின்மையும் குறைந்து, சில கணினிகள் தொடங்காமல் நின்றன. மேம்பாடு தற்காலிகமாகத் திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸ் 5.4 முதல், ஒழுங்கின்மை போதாதபோது செயலியின் நேர நடுக்கத்திலிருந்து கெர்னலே அதை உருவாக்கிக்கொள்கிறது.

கட்டிய இடமும் ஓடும் இடமும்

ஒரு கணினியில் தொகுத்த பைத்தான் வேறொரு கணினியில் ஓடலாம். தொகுத்த இடத்தில் கெட்ரேண்டம் இருந்தது என்பதால் ஓடும் இடத்திலும் இருக்கும் என்று நம்ப முடியாது. பழைய கெர்னல் 'அப்படி ஓர் அழைப்பு இல்லை' என்று பிழை தரும். பாதுகாப்பு வடிகட்டி உள்ள கன்டெய்னர் 'அனுமதி இல்லை' எனலாம். இரண்டு நிலையிலும் பைத்தான் டெவ்-யூரேண்டத்துக்குத் திரும்புகிறது.

பிழை தரும் கெர்னலாவது நேர்மையானது. துணைச் செயல்முறைக்குக் கோப்பு எண்கள் கசியாமல் தடுக்கும் ஓ-குளோஎக்செக் என்ற கொடி லினக்ஸ் 2.6.23இல் வந்தது. அதற்கு முந்தைய கெர்னல்கள் அறியாத கொடியைப் பிழை சொல்லாமல் புறக்கணித்துவிடும். வழங்கி ஒன்றின் பிணைய வாயில் துணைச் செயல்முறைக்குக் கசிந்தால், வழங்கியை மறுதொடக்கம் செய்யும்போது 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழை வந்து நிர்வாகியைக் குழப்பும். பெப் 446 வழியாக 3.4 முதல் கோப்பு எண்கள் கசியாதிருப்பதே இயல்பாக்கப்பட்டது. கொடி உண்மையில் வேலை செய்ததா என்று முதல் முறை சரிபார்த்து, விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இயக்குசூழலில் உண்டு.

சோதனை

அபூர்வமாக நிகழும் வழுவைத் திருத்தியதை உறுதி செய்ய, அதை அடிக்கடி நிகழச் செய்ய வேண்டும். ஈஐஎன்டிஆருக்கான சிபைத்தானின் சோதனை, கடிகாரச் சிக்னலைக் குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே ஒவ்வோர் அழைப்பையும் ஓட்டிப் பார்க்கிறது. பல இயங்குதளங்களில் ஓடும் தானியங்கிக் கட்டமைப்புக் கணினிகள் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இச்சோதனைகளைச் செய்கின்றன. எந்தத் தளத்தின் தோல்வி வெளியீட்டைத் தடுத்து நிறுத்தும் என்பதைப் பெப் 11 அடுக்குகளாக வரையறுக்கிறது. முதல் அடுக்கில் விண்டோஸ், மேக்ஓஎஸ், ஜிலிப்சி நூலகத்துடன் கூடிய லினக்ஸ் ஆகியவை உள்ளன. கீழடுக்குகளில் ஒரு தளம் இடம்பெற, அதைக் கவனித்துக்கொள்ள முதன்மை மேம்படுத்துநர்கள் முன்வர வேண்டும். இரண்டாம் அடுக்குக்கு இருவர், மூன்றாம் அடுக்குக்கு ஒருவர்.