எல்லைக்கு இருபுறமும் நிலம்: வழக்கு எந்தக் கோர்ட்டில்?

பாறசாலைக்காரருக்குக் களியக்காவிளையில் கடை இருக்கும், சம்பந்தி வீடு குழித்துறையில் இருக்கும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் சொத்தும் சொந்தமும் கொடுக்கல் வாங்கலும் இன்றும் இரண்டு பக்கமும் கிடக்கின்றன. தகராறு வந்தால் எங்கே போவது என்ற குழப்பத்திலேயே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. வழக்கில் அதுதான் பெரிய நஷ்டம்.

சட்டம் ஏற்கும் உரிமை ஒன்று உங்களுக்கு இருந்து, அதை இன்னொருவர் மீறினால் சிவில் வழக்குப் போடலாம். மனவருத்தம் மட்டும் போதாது. கைமாற்றுப் பணம் திரும்ப வராதது, நடைவழியை அடைத்தது, கையாலையைத் தள்ளிக் கட்டியது, குடும்பச் சொத்தில் பாகம் மறுத்தது எல்லாம் வழக்காகும். வேறு சட்டம் தடுக்காதவரை இவற்றை சிவில் கோர்ட் விசாரிக்கலாம் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. கேரளத்தில் குத்தகை, குடிகிடப்பு உரிமை பற்றிய கேள்வி எழுந்தால் அதை நிலத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் மாநிலங்களுக்கு இடையிலான தகராறு. அதனால் 2012இல் தமிழ்நாடு நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போனது.

நில வழக்கை நிலம் கிடக்கும் எல்லைக்குரிய கோர்ட்டில்தான் போட வேண்டும். ஒரே விளை இரு மாநிலத்திலும் கிடந்தால் நெய்யாற்றின்கரையிலோ குழித்துறையிலோ போடலாம். கடன் வழக்கை எதிராளி குடியிருக்கும் இடத்திலும் போடலாம், பணம் கைமாறிய இடத்திலும் போடலாம். கெடு பொதுவாக 3 ஆண்டு. அது முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து மீண்டும் 3 ஆண்டு.

வீட்டிலிருந்தோ விளையிலிருந்தோ உங்களை பலவந்தமாக வெளியேற்றினால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். குறித்த நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் வழக்குப் போட்டால், ஆதாரம் யார் பெயரில் என்று கோர்ட் பார்க்காது. நீங்கள் அனுபவத்தில் இருந்தீர்களா, சட்டப்படி அல்லாமல் இறக்கிவிடப்பட்டீர்களா என்றுதான் பார்க்கும். ஆனால் 6 மாதத்துக்குள் போட வேண்டும். அரசின் மீது இந்தப் பிரிவில் போட முடியாது. போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் கேஸ்" என்று திருப்பி அனுப்புவார்கள், பிறகு ஊர்ப்பேச்சு ஓடும். எதற்காகவும் அந்தக் கெடு நிற்காது. வக்கீலுக்குப் பணமில்லையே என்று பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தயங்க வேண்டாம். வருமானம் பார்க்காமலே இலவச வக்கீலுக்கு அவர்களுக்கு உரிமை உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம்.

நெய்யாற்றின்கரையில் பணத் தீர்ப்பு வாங்கிவிட்டீர்கள், எதிராளியின் சொத்து விளவங்கோட்டில் என்றால், இங்குள்ள அமீனா அங்கே போய் ஜப்தி செய்ய முடியாது. தீர்ப்பை அந்தப் பக்கத்துக் கோர்ட்டுக்கு மாற்றக் கேட்டு, தீர்ப்பு தந்த கோர்ட்டிலேயே மனுப் போட வேண்டும். நிறைவேற்ற 12 ஆண்டு வரை அவகாசம் உண்டு.