காரில் ஒட்டிய கருவி எதைச் சொல்லும்?

2007-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ஒரு பெண், கணவர் மீது சந்தேகப்பட்டுத் தனியார் துப்பறியும் நிறுவனம் ஒன்றை அமர்த்தினார். கணவர் ஷெரிஃப் அலுவலக அதிகாரி. துப்பறிவாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வழியிலேயே காரைத் தவறவிட்டார்கள். "ஒரு ஜி.பி.எஸ். கருவி வாங்கி நீங்களே காரில் வைத்துவிடுங்கள்" என்று யோசனை சொன்னார்கள். அவரும் டேஷ்போர்டு அறைக்குள் வைத்தார். கார் கணவன், மனைவி இருவருக்கும் சொந்தமானது. சுமார் 40 நாள் கருவி அங்கேயே இருந்தது. அது காட்டிய இடத்தின் உதவியோடு துப்பறிவாளர் போய்ப் பார்த்தபோது, ஒரு வீட்டு வாசலிலிருந்து வேறொரு பெண்ணோடு கணவர் காரில் கிளம்பியதைக் கண்டார்.

தன் அந்தரங்கம் மீறப்பட்டது என்று கணவர் அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கார் ஓடியது எல்லோரும் பார்க்கும் பொதுச் சாலையில். மறைவான தனியிடம் எதற்குள்ளும் கருவி அவரைப் பின்தொடர்ந்ததாகச் சான்று இல்லை என்றது.

இந்த வழக்கில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, கார் மனைவிக்கும் சொந்தமாக இருந்தது. உதாரணமாக, இன்னொரு அமெரிக்க மாநிலமான கலிஃபோர்னியாவில் பதிவு பெற்ற உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வண்டியில் கருவி பொருத்துவது குற்றம். செய்தவர் துப்பறிவாளராக இருந்தால் உரிமமே பறிபோகலாம். இன்னொன்று, கருவி இடத்தை மட்டுமே சொன்னது. அந்தப் பெண்ணைப் பார்த்தது ஒரு மனிதரின் கண்.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கித் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடும். உள்ளே இருக்கும் சிம் கார்டு அந்தத் தகவலைச் சில விநாடிக்கோ நிமிடத்துக்கோ ஒருமுறை சர்வருக்கு அனுப்பும். பணம் கட்டியவர் செல்போனில் மேப்பைத் திறந்து பார்க்கிறார். உள்ளங்கைக்குள் அடங்கும் காந்தப் பெட்டியை வண்டியின் அடியில் ஒட்டுவார்கள். அது பேட்டரி தீரும்வரைதான் ஓடும். மெக்கானிக் கோளாறு பார்க்கப் பயன்படுத்தும் ஓ.பி.டி. போர்ட்டில் செருகுவதும், வயரோடு இணைப்பதும் வண்டி பேட்டரியிலேயே ஓடும்.

இதன் குறை தெரிய வேண்டுமானால் தியாகராய நகரில் ஒரு கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே வங்கி, முதல் மாடியில் பல் மருத்துவர், மேலே லாட்ஜ், பக்கத்துக் கட்டடத்தில் டியூஷன் சென்டர். மேப்பில் புள்ளி அங்கே பகல் 1.10-லிருந்து 2.45 வரை நிற்கிறது. எந்த மாடி என்று அதற்குத் தெரியாது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புவதால் புள்ளி அடுத்த கட்டடத்துக்கும் தாவும். தரைக்கடி பார்க்கிங்கில் காணாமலே போகும். வண்டியை ஓட்டியது கணவரா, டிரைவரா, இரவல் வாங்கிய தம்பியா என்பதும் தெரியாது. சந்தேகத்தில் இருக்கிற மனம் மட்டும் அந்தப் புள்ளியை லாட்ஜ் அறைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிடும். இந்தத் தொழிலில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். பொறுப்பான துப்பறிவாளர், புள்ளி திரும்பத் திரும்ப நிற்கும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு நேரில் ஆள் அனுப்புவார். வெறும் மேப் படங்களை அச்சடித்துக் கொடுத்துப் பணம் வாங்குகிறவரிடம் ஏமாறாதீர்கள்.

நம் நாட்டு நிலைக்கு வருவோம். துப்பறியும் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கி முறைப்படுத்த 2007-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2018-இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை ரத்து செய்தது. அதனால் திருமணம் கடந்த உறவு இன்று குற்றமில்லை. போலீஸ் கைது செய்யாது. ஆனால் இந்து திருமணச் சட்டத்தில் அது விவாகரத்துக்கான காரணமாகத் தொடர்கிறது. ஜீவனாம்ச வழக்கிலும் இந்தக் கேள்வி எழும். ஆதாரம் தேடி மக்கள் அலைவது இதற்காகத்தான்.

ரகசியமாகத் திரட்டியதை நீதிமன்றம் ஏற்குமா? பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில் மனைவியின் செல்போன் அழைப்பு விவரத்தைக் கணவர் தாக்கல் செய்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில், மனைவியின் அந்தரங்கத்தை மீறிப் பெற்ற அந்தச் சான்று செல்லாது என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவுசெய்த தொலைபேசி உரையாடலை விவாகரத்து வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்றது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்குத் தம்பதி வந்துவிட்டால், அதுவே உறவு முறிந்ததன் அறிகுறி என்றும் சொன்னது. இது கணவர் தானே பேசிய உரையாடலைப் பதிவுசெய்த வழக்கு. வெளியாள் ஒருவர் வண்டியில் ஒட்டிய கருவிக்கும் இதே அனுமதி என்று எடுத்துக்கொண்டால் தவறு. சான்று உள்ளே வந்தாலும், இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். நேரில் பார்த்த துப்பறிவாளர் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதே கருவி அடித்து உதைக்கும் கணவர் கையிலும் கிடைக்கிறது. தப்பித்து அம்மா வீட்டுக்கோ தோழி வீட்டுக்கோ போன பெண்ணை அது காட்டிக்கொடுத்துவிடும். ஆப்பிள் ஏர்டேக் போன்ற புளூடூத் டிராக்கர்கள் நம்மோடு நகர்ந்தால் போனிலேயே எச்சரிக்கை வரும். ஆப்பிளும் கூகுளும் 2024-இல் இதற்குப் பொது ஏற்பாடு செய்தன. சிம் போட்ட டிராக்கருக்கு அந்த எச்சரிக்கை வராது. பம்பரின் உட்பக்கம், சக்கர வளைவு, சீட்டுக்கு அடி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. போர்ட் ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் லிஃப்டில் ஏற்றியும் பார்த்துச் சொல்வார். கண்டால் உடனே பிடுங்கி எறியாதீர்கள். அது இருந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு அச்சம் இருந்தால் கருவியை எடுப்பதற்கு முன்பே பெண்கள் உதவி எண் 181-ஐயோ போலீஸையோ கூப்பிடுங்கள். கருவி நின்றுபோனதும் வைத்தவருக்குத் தெரிந்துவிடும்.

சந்தேகத்தில் தவிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டிடெக்டிவுக்கு முன்பணம் கட்டும் முன், குடும்ப நல வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். வண்டியின் ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது, உங்கள் வழக்குக்கு எந்தச் சான்று உண்மையிலேயே தேவை, அதை நீதிமன்றம் மூலமாகவே வரவழைக்க மனுப் போட முடியுமா என்று கேளுங்கள். அடுத்தவர் பேரில் உள்ள வண்டியில் அவருக்குத் தெரியாமல் எதையும் ஒட்டாதீர்கள்.