சந்தையில் காணப்படாதவர்கள்

மாசி மகத்தன்று காரமடை அரங்கநாத சுவாமியின் திருத்தேரைக் காண வருகிற ஜனத்திரளை நேரில் பார்த்தவர்களுக்குக் கொங்கு நாட்டு வியாபாரத்தைப் பற்றி எவரும் தனியே எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கோயமுத்தூரிலிருந்து வரும் பட்டணத்தார், சுற்றுவட்டாரத்துக் கறிவேப்பிலைத் தோட்டக்காரர்கள், மில் தொழிலாளிகள், வெள்ளியங்காடு, பில்லூர்ப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வரும் இருளர்கள் ஆகிய யாவரும் ஒரே வீதியில் நெருங்கி நிற்கிறார்கள். யாவருடைய மடியிலும் ஏதோ கொஞ்சம் காசு இருக்கிறது. ஆயினும், கடைகளில் பரப்பி வைத்திருக்கும் சரக்குகள் இவர்களில் யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்று ஒருவர் கேட்பாராயின், பதில் சொல்வது எளிதன்று.

சென்ற திருவிழாவின்போது நாம் ஒரு மளிகைக் கடை முன்பு சற்று நேரம் நின்றோம். வாசலில் ஷாம்பூப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. கூலிக்காரரும் மலைவாசியும் கூசாமல் கை நீட்டி ஒன்றிரண்டைக் கிழித்து வாங்கிக்கொண்டு போனார்கள். சிறிது நேரத்தில் ஓர் இளம் பெண் வந்தாள். கடையில் ஆண்கள் ஒதுங்கும் வரையில் காத்திருந்து, பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். கடைக்காரர் உள்ளே போய், மாதவிடாய்க் காலத்துக்குரிய பஞ்சணைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, அதன்மேல் கறுப்புப் பையும் போட்டு, திருட்டுச் சரக்கைப் போலக் கொடுத்தார். சுற்றிய தாள் எந்தப் பத்திரிகையுடையது என்பதை நாம் பார்க்கவில்லை. நம்முடையதாகவும் இருக்கலாம். இந்த விஷயத்தைப் பற்றி எழுதுவதற்கு இல்லாவிட்டாலும், மறைப்பதற்காவது நமது பத்திரிகைகள் பயன்பட்டு வருகின்றன!

ஒரே கடையில் ஒரு சரக்கு வாசலிலும் மற்றொன்று இருட்டறையிலும் இருப்பதன் காரணத்தை ஆராய்வது நமது வாசகர்களுக்குத் தகுதியற்ற வேலையென்று நாம் கருதவில்லை. வாங்குபவர் யார், அவருக்கு என்ன வேண்டும், எவ்வளவு கொடுக்க அவரால் இயலும் என்பவற்றை ஆராய்ந்தவனே சந்தையை ஆளுகிறான். இதை நமக்கு முன்னரே அந்நியன் அறிந்திருந்தான். 1866ஆம் வருஷத்தில் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தியத் துணிகளில் 700 மாதிரிகளைச் சேகரித்து 18 தொகுதிகளாகத் தொகுத்தார். அவற்றில் 20 பிரதிகள் தயாரிக்கப்பட்டு, பெரும்பாலானவை பிரிட்டனின் நெசவுத் தொழில் நகரங்களுக்கு அளிக்கப்பட்டன. டாக்கா மஸ்லினை அணியும் சீமான்களைவிட, சாதாரண வேஷ்டியும் சேலையும் தலைப்பாகையும் கட்டுகிற கோடானுகோடி ஏழைகளே பெரிய வாடிக்கைக்காரர்கள் என்று அவர் தம் நாட்டு ஆலைக்காரர்களுக்கு எடுத்துரைத்தார். நம் நெசவாளியின் வாயில் மண் விழுந்ததற்குப் பீரங்கியும் சுங்க வரியும் மட்டுமே காரணமல்ல. நம் குடியானவனின் இடுப்பு வேஷ்டி எத்தனை முழம், அதன் கரை என்ன நிறம் என்று லங்காஷயர்க்காரன் அக்கறையோடு விசாரித்ததும் ஒரு காரணமாகும்.

சுதந்திரத்துக்குப் பின்னர் நம்மவர்களும் இந்தப் பாடத்தைக் கற்றார்கள். ஆனால் பெரிய கம்பெனிகளல்ல. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் என்பவர் எப்சம் உப்பு, டால்கம் பவுடர் முதலியவற்றைச் சிறு சிறு பொட்டலங்களில் அடைத்து விற்றுப் பார்த்தார். பணக்காரர் அனுபவிப்பதை ஏழையும் விலை கொடுத்து வாங்கக்கூடியதாகச் செய்ய வேண்டுமென்பது அவருடைய கருத்து. அவருக்குப் பின் அவர் குமாரர்கள் ‘வெல்வெட்’ ஷாம்பூவைப் பாக்கெட்டில் வெளியிட்டார்கள். குமாரர்களில் ஒருவரான ஸ்ரீ சி. கே. ரங்கநாதன் 1983இல் தனியே பிரிந்து, 15,000 ரூபாய் முதலுடன் ‘சிக்’ ஷாம்பூவைத் தொடங்கினார். அவருடைய ஆட்கள் கிராமம் கிராமமாகச் சென்று, சிறுவன் ஒருவனை ஊர் நடுவே உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டி, கூடியிருப்பவர்களைக் கூந்தலைத் தொட்டுப் பார்க்கச் செய்தார்கள். எந்த ஷாம்பூவாயினும் காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். பிற்பாடு விலையும் 50 காசுக்கு இறங்கிற்று. தினக்கூலி வாங்குபவன் தினச் செலவே செய்ய இயலும், மாதச் செலவு செய்ய இயலாது என்ற எளிய உண்மையைக் கண்டுகொண்டதே அவர்கள் செய்த பெரிய காரியம். வெளிநாட்டுக் கம்பெனிகளும் பின்னர் அவ்வழியே வந்து சேர்ந்தன. அந்தப் பாக்கெட்டுகள் இன்று பவானியாற்றங்கரையிலும் ஓடைகளிலும் மக்காமல் கிடக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை விற்றவர்களே ஏற்பது நியாயம்.

ஆனால் ஷாம்பூ விஷயத்தில் இருந்த தடை ஒன்றே, அது விலை. ஊர் நடுவே சிறுவனை உட்காரவைத்து விளம்பரம் செய்ய முடிந்தது. வாய் திறந்து பேசவே கூடாத ஒரு சரக்கை எப்படி விற்பது? விலையைக் குறைத்து விட்டால் மட்டும் போதுமா? இக்கேள்விக்கு விடை தேடியவர் நமது கோயமுத்தூர்க்காரர் ஒருவர் என்பதில் நாம் பெருமை கொள்கிறோம்.

ஸ்ரீ அருணாசலம் முருகானந்தம் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையை இழந்து, பதினான்காம் வயதிலேயே பள்ளியை விட்டு, பட்டறை வேலை செய்து பிழைத்தவர். 1998இல் விவாகமான சிறிது காலத்தில், தமது மனைவி மாதவிடாய்க்காகப் பழந்துணிகளை மறைத்துச் சேர்ப்பதைக் கண்டார். கடைச் சரக்கை வாங்கினால் வீட்டுப் பால் செலவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று அவ்வம்மையார் சொன்னாராம். தாமே செய்து தருவதென்று பஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் முயற்சி பலிக்கவில்லை. சோதித்துச் சொல்ல வீட்டுப் பெண்களும் இசையவில்லை. மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்தார். அவர்களில் இரண்டொருவர் மட்டும் உட்கார்ந்து எல்லோருடைய அபிப்பிராயத் தாள்களையும் அவசரமாகப் பூர்த்தி செய்வதை ஒரு நாள் கண்டதாக அவரே கூறியிருக்கிறார். விற்பனை ஆராய்ச்சிக்காகப் பெரும் பொருள் செலவிடுகிறவர்கள் இந்தச் சிறு சம்பவத்தைக் கவனிப்பார்களாக. வெட்கமென்பது ஒரு சமூகத்தை ஆளும்போது கேள்வித்தாளில் உண்மை வருவதில்லை.

கடைசியில், ஆட்டு இரத்தம் அடைத்த பை ஒன்றைத் தம் உடலிலேயே கட்டிக்கொண்டு நடந்தும் சைக்கிள் விட்டும் சோதித்தார். ஊரார் பைத்தியமென்றார்கள், மனைவி பிரிந்து போனார், தாயாரும் வீட்டை விட்டு நீங்கினார். பெரிய கம்பெனிகள் உபயோகிப்பது சாதாரணப் பஞ்சன்று, மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் என்பதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருஷங்களுக்கு மேல் பிடித்தது. அதைப் பதப்படுத்தும் அந்நிய யந்திரத்தின் விலையோ கோடிக்கணக்கில் இருந்தது. இவர் நாரைப் பிரித்தல், அழுத்துதல், உறையிட்டு ஒட்டுதல், ஒளிக்கதிரால் சுத்தி செய்தல் என்று வேலையைப் பிரித்து, கிராமப் பெண்களே நடத்தக்கூடிய சிறு யந்திரங்களை ஆயிரக்கணக்கான ரூபாயில் அமைத்தார். 2006இல் சென்னை ஐ.ஐ.டி. அதை மதித்துக் கௌரவித்தது. மனைவியும் திரும்பி வந்து சேர்ந்தார். 2016இல் சர்க்கார் பத்மஸ்ரீ விருது அளித்தது.

விருதுகளைக் காட்டிலும் நாம் முக்கியமாகக் கருதுவது, அதற்குப் பின் அவர் செய்ததாகும். காப்புரிமையைப் பெரிய முதலாளியிடம் விற்றுவிட்டுச் சுகமாக இருந்திருக்கலாம். அவ்விதம் செய்யாமல் யந்திரத்தை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கே கொடுத்தார். ஒவ்வொரு குழுவும் தன் சரக்குக்குத் தானே பெயரிட்டுக்கொண்டது. செய்பவளும் பெண், விற்பவளும் பெண், வாங்குபவளும் அடுத்த வீட்டுப் பெண். காசில்லாத இடங்களில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விலையாகப் பெற்றுக்கொண்டார்கள். கறுப்புப் பையும் பத்திரிகைத் தாளும் அங்கே தேவைப்படவில்லை. ஷாம்பூக்காரர்கள் பொட்டலத்தைச் சிறிதாக்கினார்கள். இவர் கடைக்காரரையே மாற்றிவிட்டார்.

சர்க்கார்களின் போக்கையும் சற்றே பார்ப்போம். சென்னை சர்க்கார் 2011இல் ‘புது யுகம்’ என்ற திட்டத்தை அறிவித்துக் கிராமப்புறத்து இளம் பெண்களுக்கு இப்பொருளை இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தது பாராட்டத்தக்கது. மத்திய சர்க்காரோ, 2017 ஜூலையில் சரக்கு சேவை வரியைக் கொண்டுவந்தபோது, குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி விலக்கு அளித்து, இதற்கு நூற்றுக்கு 12 வீதம் வரி விதித்தது. வரிப் பட்டியலைத் தயாரித்தவர்களுக்கு ஸ்திரீகளின் அலங்காரம் தெரிந்திருந்தது. ஆரோக்கியம் தெரியவில்லை போலும்! மாதர்கள் நாடெங்கும் கண்டனக் குரல் எழுப்பிய பிறகு, 2018 ஜூலையில் வரி நீக்கப்பட்டது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் சுகாதாரமான முறையைக் கைக்கொள்வோர் 2015-16இல் நூற்றுக்குச் சுமார் 58 பேர்; 2019-21இல் சுமார் 77 பேர். எஞ்சியவர்கள் யார்? பெரும்பாலும் கையில் சொந்தக் காசில்லாதவர்களும், கடை வீதிக்கு எட்டாத இடங்களில் வசிப்பவர்களுமே என்று ஊகிப்பது தவறாகாது.

மலைக் கிராமத்துப் பெண் திருவிழாவுக்கு வருகிறாள், சந்தைக்கும் வருகிறாள். ஆனால் ஆண்கள் சூழ நிற்கும் கடையில் அவள் வாய் திறக்கமாட்டாள். ஓட்டுக் கேட்டு மலையேறும் நமது அரசியல் ஊழியர்களும் சாலை, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றைப் பற்றி விசாரித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஆண்கள் கேட்டால் பதில் வராது என்பது உண்மையே. ஆகையால் மாதர் ஊழியர்களை உடன் அழைத்துச் செல்வது அவசியம்.

காரமடை 2021இல் நகராட்சியாக உயர்த்தப்பட்டிருக்கிறது. தேர்த் திருவிழாவில் வளையல் கடைக்கும் பொரிக் கடைக்கும் எத்தனையோ இடம் உண்டு. மலைக் கிராமத்து மகளிர் குழுக்கள் தாங்களே இருந்து விற்கும் கடையொன்றை நாம் பார்த்தவரையில் காணவில்லை. வருகிற மாசி மகத்துக்கு முன்னர், மாதர்கள் கூச்சமின்றி வந்து போகக்கூடிய ஓரிடத்தில், வாடகையின்றி அவர்களுக்கு ஒரு கடை ஒதுக்கும்படி நகராட்சியாரைக் கேட்டுக்கொள்கிறோம்.