கொற்கையின் கயல்: கொடியும் இலச்சினையும்

ஐரோப்பாவில் சுரங்கத் தொழிலால் வளர்ந்த சிற்றூர்கள் பல, தமக்கெனக் கொடியும் இலச்சினையும் உடையன. செருமானியச் சுரங்க ஊர்களின் சின்னங்களில் சுத்தியலும் உளியும் குறுக்காகப் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். உழைத்தவன் கருவியே ஆங்கு ஊரின் அடையாளமாயிற்று. தமிழகத்தில் இதற்கு ஒப்புநோக்கத்தக்க ஊர் யாதென வினவின், கொற்கையே நினைவிற்கு வருகிறது. அது மண்ணைத் தோண்டிய ஊரன்று. கடலடியில் செல்வம் எடுத்த ஊர்.

இன்று கொற்கை, தூத்துக்குடி மாவட்டத்தில் கடலினின்றும் சில கிலோமீட்டர் உள்ளொதுங்கிய சிற்றூர். தாமிரபரணியின் வண்டல் அதன் துறையைத் தூர்த்துவிட்டது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968-69இல் நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டொன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. சிலப்பதிகாரம், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியனே நெடுஞ்செழியனுக்குப்பின் அரசேறினான் என்கிறது.

இவ்வூருக்குத் தனிக்கொடி இருந்ததாகச் சான்றில்லை. பாண்டியரின் கயற்கொடியே இதன் கொடி. பெருவழுதி எனத் தமிழி எழுத்துப் பொறித்த சங்ககாலக் காசின் ஒருபுறம் குதிரையும் மறுபுறம் மீன்வடிவக் கோட்டுருவும் உள்ளன. கொடியில் இருந்தது காசிலும் முத்திரையிலும் இறங்கியது. மணலி, மாத்தூர் வழியே துறைமுகம் செல்லும் சரக்குப் பெட்டிகளில் சுங்க முத்திரையைக் காணும் நம் மாணவர்க்கு இது புதுமையன்று. புகாரில் சுங்கத்தார் சரக்குப் பொதிகளில் புலி பொறித்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டியரை வென்ற சோழர், தம் செப்பேட்டு முத்திரையில் அமர்ந்த புலியின் முன்னர் இரு கயல்களையும், உடன் வில்லையும் வைத்துக்கொண்டனர். பிறர் சின்னத்தை அழிப்பதினும் அதனைத் தன் காலடியில் வைத்துக் காட்டுவதே பெருவெற்றி எனக் கருதினர் போலும்!

ஈண்டு ஒரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். கயல் மீன், காயல் கழிமுகம். கொற்கை தூர்ந்தபின் சிறந்த காயல் துறையின் பெயரைக் கயற்கொடியோடு இணைப்பார் உளர். ஓசை ஒற்றுமை பெயர்க்காரணம் ஆகாது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்ட அத்துறைக்கு ஆர்மசு, ஏடன் முதலிய இடங்களினின்றும் குதிரைக் கப்பல்கள் வந்தன. அத்துறையின் பொறுப்பைப் பாண்டியன், தகியுத்தீன் அப்துர் ரகுமான் என்னும் இசுலாமியப் பெருமகனிடம் ஒப்படைத்திருந்தான் என்பதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாபு பதிவு செய்துள்ளார். கயற்கொடி பறந்த துறையை ஆண்டவர் கைகள் ஓரினத்துக்கே உரியவையல்ல. இலங்கைத் திருகோணமலையில் பிரெடரிக் கோட்டை வாயிலில் இணைக்கயல் பொறித்த கல்லை இன்றும் காணலாம்.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. செல்வம் தந்தது முத்து. கொடியில் ஏறியது மீன். சிப்பியும் இல்லை, குளித்தவன் கருவியும் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'பெரிப்ளூசு' என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், இம்முத்துத் துறையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே மூழ்கினர் என்கிறது. ஊரின் சின்னம் ஊராருடையதாக இல்லாமல் வேந்தனுடையதாக இருந்தமைக்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. பிற்காலத்தில் பரதவரும் இசுலாமியக் குளியாளிகளும், காலில் கல்லும் இடையில் கயிறும் கழுத்தில் பையுமாக, மூச்சடக்கி அதே கடலில் இறங்கினர். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நிகழ்ந்த முத்துக்குளிப்புகளிலும் அவர்கள் கருவி அக்கல்லும் கயிறுமே.